மீன்கூடைக்கு எந்த மோட்டார், எந்தச் சக்கரம்?

மாமா கேட்டது ஒரே கேள்விதான். "மாப்ள, இந்த வண்டில மோட்டார் மாட்னா பெரம்பூர் பாலம் ஏறுமா, ஏறாதா?"

'இந்த வண்டி' என்றால் அவருடைய டபுள் பார் சைக்கிள். விடிவதற்குள் காசிமேட்டில் மீன் எடுத்து, கேரியரில் கூடையைக் கட்டி, மூலக்கொத்தளம், பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி வழியாகப் பெரம்பூருக்கு மிதிப்பார். மீனும் ஐஸும் சேர்ந்து நாற்பது கிலோ இருக்கும். வயது அறுபதைத் தொடுகிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து வீட்டில் மீன் வாடையே தெரிவதில்லை என்று அத்தை சொல்வார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடமாக நான் மோட்டார் வைத்த சைக்கிளில் திருவொற்றியூர் தேரடியிலிருந்து பாரிமுனைக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர். மெட்ரோதான் 2021 பிப்ரவரியிலேயே விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டதே, எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரே இடத்தில் உட்காரும் வேலை இல்லை. காகிதக் கடைக்கு வசூல் பார்க்கிறேன். மிண்ட், சவுகார்பேட்டை, எம்.சி. ரோடு என்று பகல் முழுக்கச் சந்து சந்தாக நுழைய வேண்டும். மெட்ரோ சந்துக்குள் வராது.

ஆக, ஒரே குடும்பத்தில் இரண்டு வண்டி. ஒன்று ஆளை மட்டும் சுமப்பது, இன்னொன்று ஆளோடு கூடையையும் சுமப்பது. எனக்குப் பொருந்திய மோட்டாரும் சக்கரமும் அவருக்கும் பொருந்துமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதில் கிடைத்ததை எழுதுகிறேன்.

வாட்டை விடுங்கள், சுற்றைக் கேளுங்கள்

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி புல்லட் செய்த ஊர் திருவொற்றியூர். எந்த வண்டியைப் பார்த்தாலும் "எத்தனை சி.சி.?" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரைப் பார்த்தாலும் வாயில் முதலில் வருவது "எத்தனை வாட்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தேர்வு செய்ய நமக்கு அதிகம் மிச்சமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் முப்பது நிமிடம் தொடர்ந்து கொடுக்கும் திறன் 250 வாட்டுக்குள்ளும் அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிற பேட்டரி சைக்கிள் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. ஆர்.சி., லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். மாமா வாழ்நாளில் லைசென்ஸ் எடுத்ததில்லை, இனி எட்டுப் போட்டுக் காட்டவும் போவதில்லை. எனவே இருவருக்கும் 250 வாட், 25 கி.மீ. வரம்பு. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பார்க்க வேண்டியது மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதை. ஒரே அளவு, ஒரே உருவம், ஒரே 250 வாட் மோட்டாருக்குள் வெவ்வேறு வைண்டிங், அதாவது கம்பிச் சுற்று, இருக்கும். காயில் கட்டுகிற கடைக்காரரிடம் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். தடிமனான கம்பியைக் குறைவான சுற்றாகச் சுற்றினால் மோட்டார் வேகமாக ஓடும். மெல்லிய கம்பியை அதிகச் சுற்றாகச் சுற்றினால் மெதுவாக ஓடும், ஆனால் கொடுக்கிற ஒவ்வொரு ஆம்பியருக்கும் இழுவை அதிகம். பெட்டியின் மேல் 36 வோல்ட், 201 ஆர்.பி.எம். என்றோ 260 என்றோ போட்டிருப்பது இதைத்தான்.

அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சக்கரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். 1.95 டயர் போட்ட 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.07 மீட்டர் போகும். 201 சுற்று என்றால் மணிக்கு 25 கிலோமீட்டர். அதே மோட்டாரை 20 அங்குலச் சக்கரத்தில் பொருத்தினால் ஒரு சுற்றுக்கு 1.59 மீட்டர்தான், மணிக்கு 19 கிலோமீட்டர். மாமாவின் 28 அங்குலச் சக்கரம் சுற்றுக்கு 2.23 மீட்டர், அதாவது மணிக்கு 27. வேகமான 260 சுற்று மோட்டாரை 20 அங்குலத்தில் போட்டால் கிட்டத்தட்ட 25 வருகிறது, 26 அங்குலத்தில் போட்டால் 32.

இதெல்லாம் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றவிட்டால் வரும் வேகம். தரையில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் இதில் ஐந்தில் நான்கு பங்குதான் கிடைக்கும். பேட்டரியும் ஒரு கை பார்க்கும். 36 வோல்ட் என்று சொல்லப்படும் லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும், காலியாகும் நேரத்தில் 30 பக்கம் இறங்கும். காலையில் சிட்டாய்ப் பறந்த வண்டி சாயங்காலம் டோல்கேட் தாண்டியதும் சுணங்குகிறது என்றால் மோட்டாரைத் திட்ட வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது 260 சுற்று. வேகத்துக்கு ஆசைப்பட்டுத்தான். 26 அங்குலச் சக்கரத்தில் போட்டு, கன்ட்ரோலரில் 25-க்குக் கட்டுப்படுத்தி ஓட்டினேன். முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் ஒருநாள் தேரடியிலிருந்து பாரிமுனை வரைக்கும் எத்தனை தடவை காலை ஊன்றுகிறேன் என்று எண்ணினேன். இருபத்தாறு. ஷேர் ஆட்டோ, சிக்னல், குறுக்கே வருகிற மாடு, நடுரோட்டில் ஆளை இறக்குகிற பஸ். 25-ஐத் தொட்டது மொத்தம் நான்கைந்து இடத்தில். இப்போது ஓட்டுவது 201 சுற்று. பழைய வண்டிக்கும் இதற்கும் மொத்தப் பயணத்தில் மூன்று நிமிட வித்தியாசம்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. பழையது யோசித்து நகரும், இது சொன்னதும் நகரும்.

வேகத்துக்கு எதிராக இன்னொரு கணக்கும் இருக்கிறது. காற்று. ஐப்பசி கார்த்திகையில் வாடை வீச ஆரம்பித்தால் பாரிமுனையிலிருந்து வடக்கே வீடு திரும்புவது முழுக்க எதிர்காற்றுதான். நேராக உட்கார்ந்து ஓட்டும் ஆளும் வண்டியும் சேர்த்து நூறு கிலோ என்று வைத்தால், காற்றில்லாத சமதரையில் 20 கி.மீ. வேகத்துக்குச் சக்கரத்தில் 115 வாட் போதும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால் 190 வாட் ஆகிறது. 25-ல் போக நினைத்தால் காற்றில்லாமலே 185, எதிர்காற்றில் 300-ஐ நெருங்குகிறது. 250 வாட் மோட்டாரை வைத்துக்கொண்டு வாடையோடு மல்லுக்கட்டுவதைவிட 20-ல் போய் வீடு சேர்வது மேல்.

பாலம் ஏறுமா?

வடசென்னை தட்டையான ஊர். ஏற்றம் என்று இருப்பதெல்லாம் ரயில் பாதையைத் தாண்டும் பாலங்களும், ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து வெளியே வரும் சுரங்கப்பாதைகளும்தான். மாமாவின் கேள்வியும் அங்கேதான் நிற்கிறது.

முப்பது அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். மாமா, சைக்கிள், மோட்டார், பேட்டரி, கூடை எல்லாம் சேர்த்து 140 கிலோ. சரிவை ஏற்றவும் டயர் உருளவும் சேர்த்துச் சக்கரம் தரையைச் சுமார் 62 நியூட்டன் விசையோடு பின்னே தள்ள வேண்டும். நம் பாஷையில் ஆறு கிலோவுக்குச் சற்று மேல். 28 அங்குலச் சக்கரத்தில் இந்த விசைக்கு மோட்டார் 22 நியூட்டன் மீட்டர் முறுக்கம், அதாவது சுழற்றும் விசை, கொடுக்க வேண்டும். 26 அங்குலத்தில் இருபதரை. 20 அங்குலத்தில் பதினாறுகூட வேண்டாம். சக்கரம் சிறுத்தால் மோட்டாருக்கு நெம்புகோல் சாதகமாகிறது. டபுள் பார் சக்கரத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சுமை குறைகிறது.

அந்தச் சரிவை மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறச் சுமார் 260 வாட் வேண்டும். அதாவது 250 வாட் மோட்டாரோடு பேருக்குப் பெடலில் கால் வைத்தால் போதும். ஏறும் மாமா, ஏறும்.

ஆனால் எந்த மோட்டாரும் அப்படி ஏறிவிடாது. வேகமான வைண்டிங்கைப் பெரிய சக்கரத்தில் போட்டுப் பாரத்தோடு பாலத்தில் விட்டால், அது தன் இயல்பான வேகத்தில் நாலில் ஒரு பங்கில் முக்கிக்கொண்டு போகும். அந்த நிலையில் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி காயிலில் சூடாகத்தான் போகிறது. பாலம் ஏறி இறங்கிய பிறகு ஹப் மேல் கை வைத்தால் தோசைக்கல். ஒருநாள் இரண்டுநாள் தாங்கும், தினமும் நாற்பது கிலோவோடு தாங்காது. பாரம் சுமப்பவர் மெதுவான வைண்டிங் எடுக்க வேண்டும், அல்லது சக்கரத்தைச் சிறிதாக்க வேண்டும். இரண்டும் ஒரே பலனைத்தான் தருகின்றன.

கியர் உள்ளதா, இல்லாததா?

ஹப் மோட்டாரில் இரண்டு ஜாதி. ஒன்றில் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் வேகமாகச் சுற்ற, மூன்று நைலான் பல்சக்கரங்கள் அந்த வேகத்தை நாலில் ஒன்றாகவோ ஐந்தில் ஒன்றாகவோ குறைத்து ஹப்புக்குக் கொடுக்கும். எடை இரண்டரை, மூன்று கிலோ. உள்ளேயே ஒரு பிரீவீல் இருப்பதால் மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தால் சாதா சைக்கிள் மாதிரியே போகும். லேசாக 'ர்ர்ர்' என்று சத்தம் வரும். இன்னொன்று டைரக்ட் டிரைவ். பல்சக்கரமே கிடையாது, ஹப் முழுவதுமே மோட்டார். சத்தம் இல்லை, தேய்வதற்கு உள்ளே பேரிங்கைத் தவிர எதுவும் இல்லை. எடை ஐந்தாறு கிலோ. பேட்டரி தீர்ந்தால் காந்தம் பிடித்து இழுக்கும், மிதிப்பது மாவாட்டுவது மாதிரி இருக்கும்.

டைரக்ட் டிரைவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம், பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நூறு கிலோ வண்டி 20 கி.மீ. வேகத்தில் போகும்போது அதிலிருக்கும் இயக்க ஆற்றல் 0.43 வாட் ஹவர். அதில் பாதி திரும்பக் கிடைத்தாலும், என் இருபத்தாறு நிறுத்தத்துக்கும் சேர்த்து ஆறு வாட் ஹவர் தேறாது. 360 வாட் ஹவர் பேட்டரியில் அது கால் ஊன்றும் நேரத்துக்குக் காணாது. பிரேக் கட்டை மெதுவாகத் தேயும் என்பது உண்மையான லாபம், அதற்காக மூன்று கிலோ கூடுதலாகச் சுமக்க வேண்டுமா என்பது அவரவர் இஷ்டம். டைரக்ட் டிரைவ் வேகமாகச் சுற்றினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எனவே அதை எடுப்பதாக இருந்தால் 20 அங்குலச் சக்கரத்தில் எடுக்கலாம். பெரிய சக்கரத்தில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புகிற நம் ரோட்டில், 250 வாட்டுக்குள் அது சோம்பேறிதான். எனக்கும் மாமாவுக்கும் கியர் மோட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

முன்னா, பின்னா?

இதில் நான் அடிபட்டுக் கற்றவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் மோட்டாரை முன்சக்கரத்தில் போட்டேன். எல்லோரும் சொல்வது போல அதுதான் சுலபம். பழைய சக்கரத்தைக் கழற்றி மோட்டார் சக்கரத்தை மாட்டினால் முடிந்தது. செயின், பிரீவீல், கேரியர் எதையும் தொட வேண்டாம். ஹப் மோட்டாரின் அச்சு 12 மில்லிமீட்டர். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் உட்காருவதற்காக இரண்டு பக்கமும் தட்டையாக்கி 10 மில்லிமீட்டர் ஆக்கியிருப்பார்கள். என் ஃபோர்க்கின் வாய் அதைவிடக் குறுகல். மாட்டிக்கொடுத்தவர் அரத்தால் ராவினார், கொஞ்சம் தாராளமாகவே ராவிவிட்டார். அச்சு புரளாமல் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புப் பட்டை உண்டு, டார்க் ஆர்ம் என்பார்கள். "அதெல்லாம் பெரிய மோட்டாருக்குத்தான் சார்" என்றார். நானும் தலையாட்டினேன்.

இரண்டாவது மாதம், கல்மண்டபம் சிக்னல். பச்சை விழுந்ததும் த்ராட்டிலைத் திருகினேன். சக்கரம் நகர்வதற்குப் பதிலாக அச்சு ஃபோர்க்குக்குள் புரண்டது. மோட்டார் ஒயர் அச்சின் துளை வழியாகத்தான் வெளியே வரும். இரண்டு சுற்று சுற்றியதில் அத்தனை ஒயரும் முறுக்கிக்கொண்டு அறுந்துவிட்டன. நல்லவேளை, கீழே விழவில்லை. பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வீட்டில் வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தை 10 மில்லிமீட்டர் தட்டையான இரண்டு விளிம்புகள்தான் தாங்குகின்றன. 3,000 நியூட்டன், அதாவது 300 கிலோ எடை அந்த விளிம்பில் உட்காருவது மாதிரி. ராவி அகலமாக்கிய வாயில் வெறும் நட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? எத்தனை வாட்டாக இருந்தாலும் சரி, முன்னோ பின்னோ, டார்க் ஆர்ம் போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். அலுமினிய ஃபோர்க், ஷாக் அப்சார்பர் வைத்த விலை மலிவான ஃபோர்க் என்றால் முன்சக்கரத்தில் மோட்டாரே வேண்டாம்.

மாமா விஷயத்தில் முன்சக்கரத்துக்கு எதிராக இன்னும் பெரிய காரணம் இருக்கிறது. கூடை பின்னால். நாற்பது கிலோ பின்னச்சின் மேல் உட்காரும்போது முன்சக்கரத்தில் பாரமே இருக்காது. பாரமில்லாத சக்கரத்துக்கு மோட்டார் சக்தியைக் கொடுத்தால் வழுக்கும். காசிமேட்டில் அதிகாலையில் தரை எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? ஐஸ் தண்ணீர், செதில், மீன் கழுவிய நீர். பின்சக்கரம் வழுக்கினால் ஒரு ஆட்டம் ஆடி நிற்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் ஆளும் கூடையும் தரையில்.

"நல்ல வஞ்சிரம் இருக்கிற அன்னிக்கிதான் மாப்ள விழுவேன்" என்றார் மாமா. பின்சக்கரம் என்று அங்கேயே முடிவானது.

டபுள் பாரின் பிடிவாதம்

மாமாவுக்கு வண்டியை மாற்ற மனமில்லை. இருபது வருடச் சிநேகம். ஆனால் டபுள் பார் சைக்கிள் ஹப் மோட்டாரோடு ஒத்துப்போகாத விதத்தில் பிறந்திருக்கிறது.

அதன் முன்சக்கர ரிம்மில் 32 துளை, பின்சக்கரத்தில் 40. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. கடையில் கிடைக்கிற ஹப் மோட்டாரில் 36 துளை. போக்ஸ் கம்பி கோக்கிறவரிடம் கேட்டால், சில துளைகளை விட்டுவிட்டுக் கோத்துத் தருகிறேன் என்பார். செய்யவும் செய்வார். ஆனால் இழுப்பு ஒரே சீராக இருக்காது. மாதம் ஒருமுறை கோட்டம் எடுக்க அவரிடமே போய் நிற்க வேண்டும். சரி, 36 துளை ரிம்மே வாங்கிப் போடலாம் என்றால் பிரேக் இடிக்கிறது. டபுள் பாரின் கம்பி பிரேக் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை, உள்பக்கமாக மேலே இழுத்து அழுத்துகிறது. அதற்கென்று வளைவு வைத்த 28 அங்குல ரிம் வேண்டும். 26 அங்குல அலுமினிய ரிம்மைப் போட்டால் பிரேக் கட்டை எட்டவே எட்டாது. பின்பக்க ஃபிரேம் அகலமும் பிரச்சினை. கியர் சைக்கிள்களுக்காகச் செய்த பின் ஹப் மோட்டார் 135 மில்லிமீட்டர் இடம் கேட்கிறது, டபுள் பாரில் அவ்வளவு இல்லை. இரும்பு ஃபிரேம் என்பதால் விரிக்கலாம்தான். இத்தனையையும் செய்து முடித்தால் மிஞ்சுவது பழைய பார் இரண்டும் மாமாவின் பிடிவாதமும்தான்.

இருபது வருடச் சிநேகிதனை அப்படியே விட்டுவிட்டு, 36 துளை ரிம்மும், ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும் வி-பிரேக்கும் உள்ள இரும்பு ஃபிரேம் சைக்கிள் ஒன்றைப் பார்ப்போம் என்றேன். பதில் வரவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

20 அங்குலமா, 26 அங்குலமா?

காகிதத்தில் 20 அங்குலம்தான் ஜெயிக்கிறது. இழுவை அதிகம், கூடை தாழ்வாக உட்காரும், சக்கரம் சின்னது என்பதால் உறுதியும் அதிகம். சின்னப் பிள்ளைகள் சைக்கிள் டயர் என்பதால் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். மீன் கூடைக்கு 20 அங்குலம் என்றுதான் நானும் முதலில் எழுதி வைத்தேன்.

பிறகு ஒரு வாரம் மாமாவின் வழியில் என் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்கள், கன்டெய்னர் லாரி ஏறி ஏறி அலை அலையாகப் புடைத்த தார், கொருக்குப்பேட்டைப் பக்கம் போனால் ரயில்வே கேட் தண்டவாளம். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற பள்ளத்தில் சின்னச் சக்கரம் இறங்கி ஏறும். அந்த அடி அத்தனையும் கேரியருக்கும் கூடைக்கும் மாமாவின் இடுப்புக்கும் போகும்.

அதைக்கூடத் தடித்த டயர் போட்டுச் சமாளிக்கலாம். தண்ணீரை எப்படிச் சமாளிப்பது? ஜீவா சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை எல்லாம் மழைக்காலச் செய்திகளில் வருடந்தோறும் வருகிற பெயர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நின்ற தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட வெள்ளத்தில் எந்த வண்டியையும் எடுக்கப்போவதில்லை. நான் கணக்கில் எடுப்பது சாதாரண ஒரு மணி நேர மழைக்கு எங்கள் தெருக்களில் நிற்கிற கணுக்கால் தண்ணீர், கெண்டைக்கால் தண்ணீர்.

தரையிலிருந்து அச்சு எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். 20 அங்குலச் சக்கரத்தில் 25 சென்டிமீட்டர், 26-ல் 33. கியர் மோட்டாரின் குறுக்களவு 14 சென்டிமீட்டர் என்று வைத்தால், மோட்டாரின் அடிப்பக்கம் 20 அங்குலத்தில் தரைக்கு மேலே 18 சென்டிமீட்டரில் இருக்கும், 26-ல் 26 சென்டிமீட்டரில். டைரக்ட் டிரைவின் குறுக்களவு சுமார் 24 சென்டிமீட்டர். 20 அங்குலத்தில் அதன் அடி வெறும் 13 சென்டிமீட்டர் உயரத்தில். ஒரு ஜாண்கூட இல்லை. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே மோட்டார் குளிக்கும்.

குளித்தால் உடனே நின்றுவிடாது, அதுதான் ஏமாற்றும். ஓடிச் சூடான ஹப் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பேரிங் வழியாகவும் ஒயர் வருகிற துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் கழித்து காந்தம் துருப்பிடித்து உரசும், மோட்டார் சுற்றுவதை உணரும் ஹால் சென்சார் செத்துப்போகும். எங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. மாமா வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் கூடையிலிருந்து நேராகப் பின்சக்கரத்தின் மேலேயே சொட்டும். கூடைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு கட்டி, தண்ணீரைக் குழாய் வைத்து ஓரமாக இறக்க வேண்டும். ஒயரை அச்சிலிருந்து முதலில் கீழே தொங்கவிட்டு அப்புறம் மேலே கொண்டுபோக வேண்டும். அப்போது ஒயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், அச்சுக்குள் போகாது. சின்ன வேலைதான், ஆனால் புது மோட்டாரின் விலையை மிச்சம் பிடிக்கும்.

இந்த எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்காகத்தான் நான் 26-க்கு மாறினேன். இழுவையில் இழப்பதை மெதுவான வைண்டிங்கில் வாங்கிக்கொள்ளலாம், உயரத்தைக் கடையில் வாங்க முடியாது. 24 அங்குலம் நடுவாக இருக்கிறதே என்று கேட்டால், இருக்கிறது. நல்ல இரும்பு ஃபிரேமோடு கிடைத்தால் தாராளமாக எடுங்கள். 27.5, 29 பக்கமே போக வேண்டாம். மூலக்கொத்தளத்தில் காலை ஐந்து மணிக்கு டயர் வெடித்தால் அந்த அளவு டியூபுக்கு எங்கே போவது?

பஞ்சர் பற்றி ஒரு வார்த்தை. பின்சக்கர ஹப் மோட்டாரைக் கழற்றுவது தொல்லை. ஒயரைப் பிரிக்க வேண்டும், டார்க் ஆர்மைக் கழற்ற வேண்டும், வாஷர் வரிசை மாறாமல் திரும்பப் போட வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். பழைய ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பேட்டரியில் அதிகம் குழம்ப வேண்டாம். 24 வோல்ட் எடுத்தால் அதே சக்திக்கு ஒன்றரை மடங்கு ஆம்பியர் ஓடும், ஒயரும் கனெக்டரும் சூடாகும். 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் எனக்குப் போகவர இருபது கிலோமீட்டரும் பகல் சுற்றலும் போக மிச்சம் வைக்கிறது. மாமாவுக்கும் அது போதும். திரும்பும்போது கூடை காலி.

கடைசியில் துண்டுச்சீட்டில் நான் எழுதிக் கொடுத்தது இது: 26 அங்குலம், 36 துளை ரிம், 12 கேஜ் போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 36 வோல்ட் 250 வாட் கியர் மோட்டார், 200 சுற்றுக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் டார்க் ஆர்ம். என் வண்டியில் இருப்பதும் கிட்டத்தட்ட இதேதான், கம்பி மட்டும் சற்று மெல்லிய 13 கேஜ். ஆளை மட்டும் சுமக்கிற வண்டிக்கு அது தாங்குகிறது.

மாமா சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் ஃபைபர் போட்டில் வருகிற மீன்தான், கூடையில் பாதிகூட நிறையாது. "அப்போ செஞ்சிக்கலாம் மாப்ள, அதுவரைக்கும் கால் இருக்குதில்ல" என்றார். பழைய வண்டியை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். "அது இன்னா பண்ணுச்சு? வாசல்ல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, டபுள் பாரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.